பிளாக் பலகையில் இருக்கும் ஆண்டு: காப்புரிமை எப்போது முடிகிறது?

சுங்கை சிப்புட்டில் எங்கள் தாமானுக்கு வெளியே ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. போன மாதம் ஒரு ஞாயிறு காலை, அங்கே பசியாற உட்கார்ந்திருந்தபோது அம்மாவின் மாத்திரை அட்டையிலிருந்து பேச்சு கிளம்பியது. அரசாங்கக் கிளினிக்கில் இந்த முறை கொலஸ்ட்ரால் மாத்திரையை வேறு கம்பெனி அட்டையில் கொடுத்திருந்தார்கள். இது நல்ல மருந்துதானா என்று அம்மாவுக்குச் சந்தேகம்.

பக்கத்து மேசையில் தே ஓ குடித்துக்கொண்டிருந்த மாமா, தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர், உடனே தீர்ப்புச் சொன்னார்: "அது ஒண்ணுமில்ல தங்கச்சி. பேட்டண்ட் முடிஞ்சிருக்கும். மருந்து கடைக்கு வந்த நாள்ல இருந்து 20 வருஷம். அப்புறம் எவன் வேணாலும் செய்யலாம்."

இரும்புப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்கே முடியுது? கன்டினியூன்னு ஒரு மனு போட்டா மறுபடியும் 20 வருஷம். காசு உள்ளவன் போட்டுக்கிட்டே இருப்பான்." கூட இருந்த ஆசிரியர் தம்பி, உலக பேட்டண்ட் ஒன்று வாங்கிவிட்டால் எந்த நாட்டிலும் யாரும் தொட முடியாது என்றார்.

மூன்றுமே தவறு. ஆனால் மூன்றையும் நான் இங்கே மட்டும் கேட்கவில்லை. படித்தவர்கள் பேசும்போதும் கேட்டிருக்கிறேன், செய்திகளிலும் பார்த்திருக்கிறேன். கோலாலம்பூரில் ஒரு காப்புரிமை முகவர் அலுவலகத்தில் பல வருடம் கோப்புகளுக்குத் தேதி போட்டு, எந்த நாளில் எந்தக் கட்டணம் கட்ட வேண்டும் என்று கணக்கு வைத்திருந்தது நான்தான். தேதிதான் என் பிழைப்பு. அதனால் அன்றைக்கு மேசையில் வாயால் சொன்னதைச் சற்று நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

## முதலில், காப்புரிமை என்பது என்ன

நீங்கள் ஒரு புதிய பொருளையோ செய்முறையையோ கண்டுபிடிக்கிறீர்கள். அதை எப்படிச் செய்வது என்று ஒளிக்காமல் எழுதி அரசாங்கத்திடம் கொடுக்கிறீர்கள். பதிலுக்கு அரசாங்கம், குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் அனுமதி இல்லாமல் மற்றவர்கள் அதைச் செய்யவும் விற்கவும் முடியாது என்று தடுக்கும் உரிமையைத் தருகிறது. அதுதான் காப்புரிமை, மாமா சொன்ன பேட்டண்ட். காலம் முடிந்ததும் அந்த அறிவு ஊர்ச் சொத்து.

எழுதிக் கொடுப்பதில் இரண்டு பகுதி உண்டு. பொருளை முழுதாக விவரிப்பது விளக்கவுரை. அதில் எது எதற்கு எனக்கு மட்டும் உரிமை வேண்டும் என்று எண்ணிட்டுச் சொல்வது உரிமைக்கோரல். நிலத்தோடு ஒப்பிட்டால் விளக்கவுரை என்பது நிலத்தின் முழு வரைபடம்; உரிமைக்கோரல்தான் எல்லைக்கல். வழக்கு என்று வந்தால் எல்லைக்கல்லைத்தான் பார்ப்பார்கள். இந்த இரண்டையும் பிரித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொன்று. காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. அமெரிக்காவில் வாங்கியது அமெரிக்காவில் மட்டும் செல்லும். மலேசியாவில் வேண்டுமென்றால் இங்கே தனியாக விண்ணப்பித்து வாங்க வேண்டும். பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் விண்ணப்பம் போடும் அனைத்துலக ஏற்பாடு இருக்கிறது, மலேசியாவும் 2006-இல் அதில் சேர்ந்தது. ஆனால் அது மனுவை ஒன்றாகப் போடும் வசதி மட்டும்தான். உரிமையைக் கொடுப்பதா வேண்டாமா என்று கடைசியில் ஒவ்வொரு நாடும் தானே முடிவு செய்யும். உலக பேட்டண்ட் என்ற ஒன்று கிடையாது.

ரப்பரை வைத்தே பிழைத்த ஊர் நமது, அதனால் ரப்பரிலிருந்தே ஓர் உதாரணம். வெயிலில் உருகி, குளிரில் விறைத்துப்போகும் ரப்பரைக் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி உறுதியாக்கும் முறைக்கு, சார்லஸ் குட்இயர் 1844-இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அப்போதைய காலம் 14 வருடம். 1858-இல் இன்னும் 7 வருடம் நீட்டித்துக் கொடுத்தார்கள். 1860-இல் அவர் கடனாளியாகவே இறந்துபோனார், காப்புரிமை 1865 வரை ஓடியது. நமக்குப் பக்கத்தில் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டது 1877-இல். அதாவது இந்தப் பக்கம் முதல் கன்று மண்ணில் இறங்குவதற்குள், ரப்பரை உலகச் சரக்காக்கிய அந்த முறை யாருக்கும் சொந்தமில்லாத பொது அறிவாகியிருந்தது. தோட்டங்கள் பெருகியதற்குக் கார் டயர் ஒரு காரணம் என்றால், அந்த டயரைச் செய்ய யாரிடமும் குட்இயரின் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை என்பதும் அந்தக் கதையில் சேரும். காப்புரிமை முடிகிற நாள் அவ்வளவு முக்கியமானது.

## எந்த நாளிலிருந்து எண்ணுவது

செம்பனைத் தோட்டத்தில் ஒவ்வொரு பிளாக்கின் முனையிலும் ஒரு பலகை நிற்கும். பிளாக் எண், பரப்பளவு, நட்ட ஆண்டு. மாமாவிடம் அதைத்தான் கேட்டேன்: "மாமா, மரத்தோட வயசை முதல் குலை வெட்டின நாள்ல இருந்தா எண்ணுவீங்க?"

"அது எப்படிம்மா? நட்ட வருஷத்துல இருந்துதான்."

காப்புரிமையும் அப்படித்தான். நட்ட நாள் என்பது விண்ணப்பத்தை அலுவலகத்தில் தாக்கல் செய்த நாள். அந்த நாளிலிருந்து 20 வருடம். கன்றை நட்டு முதல் இரண்டரை, மூன்று வருடம் விற்கும்படியான குலை வராது. ஆனாலும் 25 வருடத்தில் மறுநடவு என்று கணக்கிடும்போது அந்த வெறும் வருடங்களும் சேர்ந்தே ஓடியிருக்கும். அதேபோல், விண்ணப்பத்தை அதிகாரிகள் பரிசீலித்து உரிமை வழங்க மூன்று, நான்கு வருடம் ஆகலாம். அந்தக் காலமும் 20-க்குள்தான் அடங்கும். மருந்தாக இருந்தால் பரிசோதனைகள் முடித்து கடைக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் போய்விடும். கடைக்கு வந்த நாளுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. அமெரிக்காவில் முன்பு, உரிமை வழங்கிய நாளிலிருந்து 17 வருடம். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தம் வந்த பிறகு, 1995 ஜூன் 8 முதல் தாக்கலான விண்ணப்பங்களுக்கு, தாக்கல் நாளிலிருந்து 20 வருடம் என்று மாறியது. அந்த நாளில் உயிரோடு இருந்த பழைய காப்புரிமைகளுக்கு இரண்டு கணக்கில் எது நீளமோ அது. மலேசியாவிலும் 1983-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி முதலில் வழங்கிய நாளிலிருந்து 15 வருடம்தான். 2001 ஆகஸ்ட் 1 முதல் இங்கும் தாக்கல் நாளிலிருந்து 20.

## நாற்றங்காலில் இருந்த வருடம்

செம்பனைக் கன்று ஏறக்குறைய ஒரு வருடம் நர்சரியில், பையில் வளரும். பலகையில் அந்த வருடம் ஏறாது. காப்புரிமையிலும் இப்படி ஒரு நாற்றங்கால் வருடம் உண்டு.

அமெரிக்காவில் தற்காலிக விண்ணப்பம் என்று ஒன்றைப் போடலாம். அதை யாரும் பரிசீலிக்க மாட்டார்கள், அதற்கு உரிமையும் கிடைக்காது. இந்த நாளில் இந்தக் கண்டுபிடிப்பு என் கையில் இருந்தது என்று இடம் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. 12 மாதத்துக்குள் முறையான விண்ணப்பத்தைப் போட்டால், யார் முந்தியவர் என்ற கேள்விக்குத் தற்காலிக விண்ணப்ப நாளைப் பார்ப்பார்கள். 20 வருடத்தை மட்டும் முறையான விண்ணப்ப நாளிலிருந்து எண்ணுவார்கள். ஒரு நாட்டில் முதலில் போட்டுவிட்டு 12 மாதத்துக்குள் இன்னொரு நாட்டில் போடும்போதும் இதே கதைதான். இப்படி முந்தியவர் யார் என்று தீர்மானிக்க உதவும் நாளுக்கு முன்னுரிமைத் தேதி என்று பெயர்.

ஆக, இதுவரை பார்த்தது இரண்டு தேதி. முன்னுரிமைத் தேதி வரிசையில் உங்கள் இடத்தைச் சொல்லும். தாக்கல் நாள் உங்கள் கடிகாரத்தை ஓட விடும். இரண்டையும் குழப்பினால் முடிவு நாள் ஒரு வருடம் பிசகிவிடும். அலுவலகத்தில் புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாருமே முதலில் இங்கேதான் தடுக்கி விழுவார்கள், நானும் விழுந்தேன்.

## தொடர்ச்சி விண்ணப்பம்: பதில் கன்று

இப்போது பட்டறை அண்ணனின் "கன்டினியூ". அமெரிக்கச் சட்டத்தில் உள்ள கன்டினியுவேஷன் என்பதைத் தொடர்ச்சி விண்ணப்பம் என்று சொல்லலாம். ஊரில் நடக்கிற குழப்பத்தில் பாதி இந்தச் சொல்லால்தான். தொடர்ச்சி என்றதும் காலம் தொடரும் என்று மனது எடுத்துக்கொள்கிறது. உண்மையில் தொடர்வது விளக்கவுரை.

நட்டு ஒன்றிரண்டு வருடத்தில் பிளாக்கில் சில கன்றுகள் செத்துப்போகும், சிலவற்றைப் பன்றி தோண்டிவிடும். அந்த இடத்தில் பதில் கன்று வைப்பார்கள். பதில் கன்று பின்னால் நட்டது என்பதற்காகப் பலகையில் ஆண்டை மாற்றுவதில்லை. பிளாக்கின் வயது முடிந்து மறுநடவுக்கு இயந்திரம் இறங்கும்போது பழைய மரம், பதில் கன்று வளர்ந்த மரம் எல்லாம் ஒன்றாகச் சாயும். பதில் மரத்துக்கு வயது குறைவு, அதற்கு இன்னும் காலம் கொடுப்போம் என்று யாரும் நிற்க மாட்டார்கள்.

தொடர்ச்சி விண்ணப்பம் அந்தப் பதில் கன்று. முதலில் போட்ட தாய் விண்ணப்பத்தின் விளக்கவுரையை அப்படியே வைத்துக்கொண்டு, வேறு உரிமைக்கோரல்களை எழுதிப் போடுவது. அதே வரைபடம், புதிய எல்லைக்கற்கள். ஒரே ஒரு முக்கியமான நிபந்தனை: தாய் விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கும்போதே போட வேண்டும். தாய்க்கு உரிமை வழங்கிவிட்டாலோ, கைவிடப்பட்டாலோ கதவு மூடிவிடும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் தாய்க்கு உரிமை வருவதற்குச் சில நாள் முன்பு பிள்ளையைப் போடுவார்கள், பிள்ளைக்கு வருவதற்கு முன்பு பேரனைப் போடுவார்கள். சங்கிலி அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் அலுவலகத்தில் என் தூக்கத்தைக் கெடுத்த வேலை.

ஒரு கணக்கு. தாய் விண்ணப்பம் 2010 மார்ச் 1. பிள்ளை 2013-இல் தாக்கலாகி 2017-இல் உரிமை பெறுகிறது. பேரன் 2016-இல் தாக்கலாகி 2020-இல் உரிமை பெறுகிறது. மூன்றுக்கும் அடிப்படை முடிவு நாள் 2030 மார்ச் 1. பிள்ளைக்கு வாழ்நாள் 13 வருடம், பேரனுக்குப் பத்துதான். யாருக்கும் புதிதாக 20 கிடைக்கவில்லை.

அப்படியானால் எதற்கு இவ்வளவு செலவு செய்து போடுகிறார்கள்? எல்லைக்கல்லுக்காக. 2010-இல் எழுதும்போது போட்டியாளர் எந்த வடிவத்தில் செய்வார் என்று தெரியாது. 2016-இல் தெரிந்துவிடும். விளக்கவுரையில் அந்த வடிவம் ஏற்கெனவே எழுதியிருந்தால், அதற்கென்றே அளவெடுத்து உரிமைக்கோரல் எழுதலாம். வேலி நீளவில்லை, முள் கூடுகிறது. இதையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு காப்புரிமையை வழக்கில் உடைக்கும் தெம்பு பலருக்கு இருக்கும், ஐம்பதை உடைக்கும் தெம்பு யாருக்கு இருக்கிறது? மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் ஹுமிரா ஊசியின் முதன்மை அமெரிக்கக் காப்புரிமை 2016-லேயே முடிந்தது. ஆனால் அதைச் சுற்றி 100-க்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இருந்தன. பலவும் தொடர்ச்சிக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ஐரோப்பாவில் 2018 அக்டோபரில் வந்த போட்டி மருந்து அமெரிக்காவில் 2023 ஜனவரியில்தான் விற்பனைக்கு வந்தது. அண்ணனின் கோபம் நியாயமானது. காரணத்தை மட்டும்தான் தப்பாகப் பிடித்தார்.

உறவுக்காரர்கள் இன்னும் இரண்டு பேர். தாய் விண்ணப்பத்தில் இரண்டு கண்டுபிடிப்பு இருக்கிறது, பிரித்துப் போடு என்று அலுவலகம் சொன்னால் பிரித்துப் போடுவது பகுப்பு விண்ணப்பம். மலேசியாவில் தொடர்ச்சி விண்ணப்பம் கிடையாது, பகுப்பு உண்டு. தாயின் தாக்கல் நாளே அதற்கும். அடுத்தது, பழைய விளக்கவுரையோடு புதிய விஷயத்தையும் சேர்த்துப் போடும் பகுதித் தொடர்ச்சி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. புதிதாகச் சேர்த்த விஷயத்துக்கு முந்தியவர் யார் என்று பார்க்கும்போது புதிய தேதிதான், ஆனால் 20 வருடம் மட்டும் தாயின் பழைய தேதியிலிருந்தே ஓடும். வரிசையில் பின்னால் நிற்க வேண்டும், ஆயுளும் குறையும். புதிய விஷயம் தனியாக நிற்கும் என்றால் தனி விண்ணப்பமாகப் போடுவதுதான் நல்லது என்பது என் எண்ணம்.

## பழைய சட்டத்தில் நடந்த கூத்து

தொடர்ச்சி போட்டால் காலம் நீளும் என்ற எண்ணம் காற்றில் முளைக்கவில்லை. வழங்கிய நாளிலிருந்து 17 வருடம் என்று இருந்தபோது, விண்ணப்பத்தை இழுத்தடிக்க இழுத்தடிக்க முடிவு நாள் தள்ளிப்போனது.

ஜார்ஜ் செல்டன் என்ற வழக்கறிஞர் மோட்டார் வண்டி ஒன்றுக்கு 1879 மே மாதம் விண்ணப்பம் போட்டார். திருத்தம், மறு திருத்தம் என்று 16 வருடம் ஓட்டினார். 1895 நவம்பரில் உரிமை வந்தது. அதற்குள் கார் தொழில் பிறந்திருந்தது. அமெரிக்காவில் கார் செய்தவர்கள் அவருடைய காப்புரிமைக்குப் பணம் கட்டினார்கள். ஹென்றி ஃபோர்டு மறுத்து வழக்காடினார். 1909-இல் தோற்று, 1911-இல் மேல்முறையீட்டில் வென்றார். அந்தக் காப்புரிமைக்கு அப்போது ஒரு வருடச் சொச்சம்தான் ஆயுள் மிச்சம்.

ஜெரோம் லெமெல்சன் தொடர்ச்சி விண்ணப்பங்களைச் சங்கிலியாகப் பின்னியவர். 1954-லும் 1956-லும் போட்ட விண்ணப்பங்களை அடிப்படையாக வைத்து, பல பத்தாண்டுகள் கழித்துப் பெற்ற காப்புரிமைகளைக் காட்டி, பார்கோடு படிக்கும் கருவியைப் பயன்படுத்துகிற கம்பெனிகளிடம் பணம் கேட்டார். தண்ணீருக்கு அடியில் கிடந்துவிட்டு, தொழில் வளர்ந்தபின் மேலே வருவதால் இவற்றுக்கு நீர்மூழ்கிக் காப்புரிமை என்று பெயர் வந்தது. நியாயமில்லாத தாமதம் என்று 2004-இல் ஒரு கூட்டரசு நீதிமன்றம் அவற்றை அமல்படுத்த முடியாதென்றது. 2005-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. 1995-க்குப் பிறகு போட்ட விண்ணப்பங்களில் இந்த வித்தை பலிக்காது. இழுத்தால் இழுத்தவருக்குத்தான் நாள் போகும்.

## கூட்டல், கழித்தல்

தாய் விண்ணப்ப நாள், கூட்டல் 20 வருடம். இது அடிப்படை. அமெரிக்காவில் இதன்மேல் சில நாட்களைக் கூட்டுவார்கள், சில இடங்களில் வெட்டுவார்கள்.

முதல் கூட்டல், அலுவலகத்தின் தாமதத்துக்கு. முதல் பதிலை 14 மாதத்துக்குள் தராவிட்டாலும், மொத்தமாக மூன்று வருடத்துக்குள் முடிக்காவிட்டாலும், அவர்கள் பக்கம் வீணான நாட்களைக் கணக்கிட்டுச் சேர்ப்பார்கள். விண்ணப்பித்தவர் தாமதித்த நாட்களை அதிலிருந்து கழித்துவிடுவார்கள். இதற்குக் கால ஈடு என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இரண்டாவது, மருந்து போன்று அரசாங்க அங்கீகாரத்துக்குக் காத்திருக்க வேண்டிய பொருட்களுக்கு. 1984-இல் வந்த சட்டப்படி, காத்திருந்த காலத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள். அதிகபட்சம் 5 வருடம். அங்கீகாரம் கிடைத்த நாளிலிருந்து மொத்தம் 14 வருடத்தைத் தாண்டவும் கூடாது. இது கால நீட்டிப்பு. ஒரு மருந்துக்கு ஒரே ஒரு காப்புரிமைக்குத்தான் கிடைக்கும். மலேசியச் சட்டத்தில் இந்த நீட்டிப்பு இல்லை.

கழித்தல் ஒன்று: தாய்க்கும் பிள்ளைக்கும் உரிமைக்கோரல் ரொம்ப நெருக்கமாக இருந்தால், ஒரே கண்டுபிடிப்புக்கு இரண்டு உரிமையா என்று அலுவலகம் மறுக்கும். அப்போது உரிமையாளர், பின்னது முன்னது முடிகிற நாளைத் தாண்டாது என்று எழுதிக் கொடுக்கலாம். ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள் மாதிரி, இரண்டும் ஒரே கையில் இருக்கும்வரைதான் அது செல்லும். பிள்ளைக்குக் கால ஈடு கிடைத்திருந்தாலும், எழுதிக் கொடுத்த நாளுக்கு மேலே உள்ளது போய்விடும்.

கடைசியாக, கட்டணம். சாலை வரி மாதிரி, காப்புரிமைக்கும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மலேசியாவில் உரிமை வழங்கிய இரண்டாவது வருடத்திலிருந்து ஆண்டுதோறும். அமெரிக்காவில் வழங்கிய நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை வருடம் என மூன்று தவணை. தவறினால் அபராதத்தோடு கட்ட ஆறு மாதம் அவகாசம் தருவார்கள். அதுவும் தாண்டினால் காப்புரிமை காலாவதி. இந்தக் கட்டணத்தை ரினியூ என்று சொல்வதால்தான் "ரினியூ பண்ணிக்கிட்டே போவான்" என்ற பேச்சு வருகிறது. கட்டினால் இருக்கிற காலம் ஓடும், புதிதாக ஒரு நாளும் சேராது.

## அம்மாவின் மாத்திரையை வைத்து ஒரு கணக்கு

அம்மா சாப்பிடுவது அட்டோர்வாஸ்டாட்டின். லிப்பிட்டோர் என்ற பெயரில் வந்து உலகத்திலேயே அதிகம் விற்ற மருந்துகளில் ஒன்றானது. அதன் முதன்மை அமெரிக்கக் காப்புரிமையின் எண் 4,681,893. தாளில் எழுதியே கணக்குப் போட்டுக் காட்டினேன்.

தாக்கல்: 1986 மே 30. வழங்கியது: 1987 ஜூலை 21. பழைய காப்புரிமை, 1995-இல் உயிரோடு இருந்தது. எனவே எது நீளம் என்று பார்க்க வேண்டும். வழங்கிய நாளிலிருந்து 17 வருடம் என்றால் 2004 ஜூலை 21. தாக்கலிலிருந்து 20 என்றால் 2006 மே 30. நீளமானது 2006.

மருந்துக்கு அங்கீகாரம் வந்தது 1996 டிசம்பரில். பத்து வருடத்துக்கு மேல் ஒரு மாத்திரைகூட விற்காமல் கடிகாரம் ஓடியிருக்கிறது. அதற்கு ஈடாகக் கிடைத்த கால நீட்டிப்பு 1,213 நாள். 2006 மே 30-உடன் கூட்டினால் 2009 செப்டம்பர் 24. குழந்தைகளிடம் ஆய்வு நடத்தியதற்காக இன்னும் ஆறு மாதம் பாதுகாப்பு, 2010 மார்ச் 24 வரை. இந்த ஆறு மாதம் காப்புரிமையின் நீளம் அல்ல. போட்டி மருந்துக்கு அங்கீகாரம் கொடுக்காமல் நிறுத்தி வைக்கும் காலம்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. இதே மருந்தின் குறிப்பிட்ட மூலக்கூறு அமைப்புக்கு இன்னொரு காப்புரிமை, எண் 5,273,995. 1993 டிசம்பர் 28-இல் வழங்கியது. அதற்கு நீளமான கணக்கு பழைய 17 வருடம்தான்: 2010 டிசம்பர் 28. ஆறு மாதம் சேர்த்தால் 2011 ஜூன் 28. உண்மையில் அமெரிக்கக் கடைகளில் மலிவு விலை மாத்திரை வந்தது 2011 நவம்பர் 30. ஏனென்றால் லிப்பிட்டோரை விற்ற ஃபைசர் நிறுவனமும், மலிவு விலை மாத்திரை செய்த இந்தியாவின் ரான்பாக்ஸியும் 2008-இல் வழக்கைச் சமரசம் செய்து அந்த நாளுக்கு ஒத்துக்கொண்டார்கள்.

மாமா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். "அப்ப மருந்தோட பேட்டண்ட் முடிஞ்சுதான்னு கேட்கக் கூடாது. எந்த பேட்டண்ட், எந்த நாட்டுலன்னு கேட்கணும்." அவ்வளவுதான் விஷயம். ஒரு மருந்துக்கு ஒரு முடிவு நாள் கிடையாது. ஒவ்வொரு காப்புரிமைக்கும் ஒவ்வொரு நாட்டிலும் தனித்தனி நாள். அம்மாவிடமும் சொன்னேன்: கம்பெனி மாறினாலும் உள்ளே இருக்கும் மருந்து அதேதான், நம் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் பார்த்துப் பதிவு செய்ததுதான், பயப்படாமல் சாப்பிடுங்கள்.

## பட்டறைக்கு வந்த தாள்

அடுத்த வாரம் பட்டறை அண்ணன் வீட்டுக்கே வந்தார். மரத்தடியில் சிதறும் உதிரிப் பழத்தைக் குனியாமல் பொறுக்கும் ஒரு கருவி செய்ய அவருக்கு ஆசை. தோட்டத்தில் பழம் பொறுக்குகிற அக்காமார்களின் இடுப்பு வலியை அவர் நன்றாக அறிந்தவர், அவருடைய அம்மாவும் அந்த வேலை செய்தவர்தான். இணையத்தில் அதுபோன்ற ஓர் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்திருக்கிறது. முதல் பக்கத்தை அச்செடுத்து, மேலே பேனாவால் 2031 என்று வட்டம் போட்டிருந்தார். 2011 மே 10 வழங்கியது, கூட்டல் 20.

முதல் பக்கத்தில் முடிவு நாளை அச்சிட மாட்டார்கள். அதற்குத் தேவையான துண்டுகள்தான் இருக்கும். இருவரும் சேர்ந்து தேடினோம். தாக்கல் நாள் 2009 மார்ச். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், இது 2004 ஜூன் 14-இல் தாக்கலான விண்ணப்பத்தின் தொடர்ச்சி என்று ஒரு வரி. அதற்கும் கீழே 2003 ஜூன் மாதத்துத் தற்காலிக விண்ணப்பம். நாற்றங்கால், எண்ணக் கூடாது. நட்ட ஆண்டு 2004. எனவே 2024 ஜூன் 14. ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி, அதன் பக்கத்தில் 212 நாள் கால ஈடு. கூட்டினால் 2025 ஜனவரி 12. முன்னது முடிகிற நாளைத் தாண்டாது என்று எழுதிக் கொடுத்ததாக ஏதும் குறிப்பிடவில்லை.

அப்புறம் அமெரிக்க அலுவலகத்தின் தளத்தில் கட்டணப் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். முதல் தவணை கட்டியிருக்கிறது, ஏழரை வருடத் தவணை கட்டவில்லை. ஆறு மாத அவகாசமும் கழிந்து 2019 மே 10-லேயே அது காலாவதி. கூகிளின் காப்புரிமைத் தேடல் பக்கத்திலும் முடிவு நாள் போட்டிருப்பார்கள். அது இயந்திரம் போட்ட கணிப்பு என்று அவர்களே சொல்வார்கள், அதை நம்பி இரும்பு வெட்ட வேண்டாம்.

"அப்ப நான் செய்யலாமா?"

அமெரிக்கத் தாள் அமெரிக்காவுக்கு. அண்ணன் விற்கப்போவது சுங்கை சிப்புட்டில். மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்தின் பதிவேட்டில் இதே ஆள் இங்கே ஏதாவது போட்டிருக்கிறாரா, வேறு யாராவது நெருக்கமான கருவிக்கு வாங்கியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பயனீட்டுப் புத்தாக்கம் என்ற சிறிய வகைச் சான்றிதழையும் சேர்த்துத் தேட வேண்டும். பட்டறைக் கருவிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். அதற்குத் தாக்கல் நாளிலிருந்து 10 வருடம், உள்நாட்டில் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டினால் ஐந்து, மறுபடி ஐந்து.

அவர் 2031-ஐ அடித்துவிட்டு, கீழே 2019 என்று எழுதினார். தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை கடையை மத்தியானம் திறக்கிறேன், காலையில் அந்தப் பதிவேட்டைச் சேர்ந்து பார்த்துவிடலாமா என்று கேட்டார்.